மூன்று குதிரைகளுடன் ஓடியவர்

லாடம் அடித்த குளம்பு கல் ரோட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் இப்போது அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். 'டக், டக்' என்று காய்ந்த சத்தம் அது. எங்கள் வீட்டுக் குதிரை வரும்போது அதற்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்கும். வெறுங்கால் புழுதியில் 'தொப், தொப்' என்று விழுகிற சத்தம். விடியற்காலையில் எங்கோ நோயாளி வீட்டுக்குப் போன ஐயா திரும்பி வருகிறார் என்பதைப் பாயில் படுத்தபடியே இந்த இரண்டு சத்தத்தையும் சேர்த்துக் கேட்டு அறிந்துகொள்வேன். மற்றப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் நான்கு கால். எனக்கு ஆறு கால். இதை நான் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பகிடியாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் தமிழ் வைத்தியம் பார்க்கும் பரியாரியாக இருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் எங்கள் வலிகாமப் பகுதிப் பரியாரிமார் பெரும்பாலும் நடந்தோ மாட்டு வண்டிலிலோதான் நோயாளி பார்க்கப் போவார்கள். ஐயா மட்டும் குதிரை வண்டில் வைத்திருந்தார். அதையும் கடிவாளம் பிடித்துத் தாமே ஓட்டுவார். அதனால் அவருக்குக் 'குதிரைப் பரியாரியார்' என்றே பெயர். வண்டிலின் ஏர்க்காலை ஒரு கையால் பிடித்தபடி குதிரைக்குப் பக்கத்தில் ஓடி வருபவர் வல்லியன், எங்கள் குதிரைக்காரர். விடிய முன் புல் வெட்டி வருவது, கொள்ளு அவிப்பது, குதிரையை உருவித் தேய்ப்பது எல்லாம் அவர் வேலை. ஐயா வெளிக்கிட்டால் கூடவே ஓடவேண்டும். 'விலத்து, விலத்து' என்று கத்தி வழி எடுக்கவேண்டும். நோயாளி வீட்டுப் படலையில் ஐயா திரும்பும்வரை கடிவாளத்தைப் பிடித்து நிற்கவேண்டும். பிறகு திரும்பவும் ஓடவேண்டும்.

வண்டிலில் இடம் இல்லாமல் அல்ல. வல்லியன் பிறந்த குடியைச் சேர்ந்தவர்கள் எங்களோடு ஒரே வண்டிலில் இருக்கக்கூடாது என்பது அன்றைய வழக்கம். வல்லியன் ஐயாவை 'நயினார்' என்பார், பத்து வயது கூட நிரம்பாத என்னை 'நாச்சியார்' என்பார். நான் அவரை 'வல்லியன், இஞ்சை வா' என்பேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் அவரை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வந்திருக்கிறது. இவ்வளவு பிந்தி வந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்?

ஐயாவுக்குக் குதிரைப் பைத்தியம். பழக்கமான ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஊருக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப்போன வர்ணப்படம் ஒன்று மருந்து அறைச் சுவரில் தொங்கியது. அதில் உலகத்துக் குதிரைகள் வரிசையாக நின்றன. ஐயாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்து ஒவ்வொன்றின் கதையையும் அறிந்துவைத்திருந்தார். கையைக் காட்ட வந்த நோயாளியைக்கூட அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "உது அரபி. முகம் சின்னன், வால் எப்பவும் தூக்கினபடி நிக்கும். மற்ற எல்லாக் குதிரையிலும் இதின்ரை இரத்தம் கொஞ்சமாவது ஓடும்," என்று தொடங்கிவிடுவார். குளம்பைச் சுற்றி மயிர் அடர்ந்த சீமைப் பாரக்குதிரை, பந்தயத்துக்கென்றே வளர்க்கிற மெல்லிய காலுள்ள குதிரை, குழந்தைகள் ஏறுகிற குட்டை மட்டக்குதிரை எல்லாவற்றையும் நான் எழுத்துக் கூட்ட முந்தியே அடையாளம் கண்டுவிடுவேன். 'இனம்' என்ற சொல் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. 'சாதி' என்றுதான் சொல்வோம். குதிரையிலும் சாதி பார்ப்பதில் ஐயாவுக்கு அலாதியான இன்பம்.

எங்களிடம் முதலில் இருந்தது நெடுந்தீவுக் குதிரை. பறங்கியும் ஒல்லாந்தனும் கொண்டுவந்து விட்டுப்போன குதிரைகள் அந்தத் தீவில் காடாய்ப் பெருகி, உவர்த் தண்ணீரைக் குடித்துக் காய்ந்த புல்லைத் தின்று, தலைமுறை தலைமுறையாய்க் குறுகிப் போயின. ஐயா உள்ளங்கை அகலத்தால் அளந்து பார்த்துப் பன்னிரண்டு கை உயரம் என்று கண்டார். மங்கல் மண்ணிறம், பிடரி மயிர் சீப்புக் காணாத பிள்ளையின் தலை மாதிரிக் கிடக்கும், கடிக்கும், உதைக்கும். அதைத் தோணியில் ஏற்றிக் கரை சேர்த்தவர்களில் ஒருவராக வந்தவர்தான் வல்லியன். வேறு யாரையும் அது கிட்ட விடாதபடியால் ஐயா அவரையும் அதோடு வைத்துக்கொண்டார். அந்த மட்டக்குதிரை எட்டு வைப்பது சின்ன எட்டு. அதன் ஓட்டத்துக்குப் பக்கத்தில் வல்லியன் பாட்டுப் பாடிக்கொண்டே வருவார், நடுவில் வேலிக் கதியாலில் ஒரு குச்சியை முறித்துப் பல் விளக்குவார், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிப்பார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது நெடுந்தீவான் வயிறு ஊதிச் செத்தது. அடுத்து இந்தியாவிலிருந்து வந்த கத்தியவார்க் குதிரையொன்றை ஐயா கொழும்பில் ஒரு வியாபாரியிடம் வாங்கினார். சாம்பல் நிறம். காது இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனி நுனியை முட்டும்; அதை வைத்தே அந்தச் சாதியை ஆயிரத்தில் கண்டுபிடிக்கலாம். அது கோச்சியில் வந்து இறங்கிய அன்று, நெற்றியிலும் மார்பிலும் உள்ள சுழிகளைப் பார்க்க ஐயா தனக்குத் தெரிந்த சுழி சாத்திரக்காரர் ஒருவரை ஸ்டேசனுக்கே கூட்டிப்போனார். சுழி சுத்தம் என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெப்பத்தைத் தாங்குகிற குதிரை, நீளமாய் எட்டு வைக்கும், களைப்பு என்பதே தெரியாது. வல்லியனின் பாட்டு அந்தக் குதிரையோடு நின்றுபோயிற்று. பாட அவருக்கு மூச்சு மிஞ்சவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. அவருக்கு வயது போகப் போக விளையாட்டுப் புத்தி குறைகிறது என்று அம்மா சொன்னதை நம்பினேன்.

கத்தியவாரை விற்ற பிறகு மூன்றாவதாக வந்ததுதான் வேலர். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிற சாதி. பட்டாளத்துக்கும் பொலிசுக்கும் வாங்குவது. அகன்ற நெஞ்சு, இறுகின கால், பதினைந்து கைக்கும் மேலே உயரம், பளபளக்கிற செம்மண்ணிறம். பெயரைக் கேட்டு முருகனுடைய குதிரை என்று நினைத்துக் கிழவிகள் சிலர் கும்பிட்டதும் உண்டு. வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரை அதை வண்டிலோடு சேர்த்தே ஐயாவுக்கு விற்றார். உயரமான, மெல்லிய சில்லு வண்டில். அதன் பின்புறத்தில், இருக்கைக்கு வெளியே, ஒரு சிறு பலகையும் பிடித்துக்கொள்ள இரண்டு இரும்புப் பிடியும் இருந்தன. வண்டிலைக் கொண்டுவந்து ஒப்படைத்தவன், "உதிலைதான் குதிரைக்காரன் ஏறி நிக்கிறது, ஐயா. இந்தக் குதிரையோடை ஆள் ஓடேலாது," என்று சொன்னான். ஐயா சிரித்துவிட்டு, "எங்கடை ஆள் ஓடுவான்," என்றார். அந்தப் பலகையில் மருந்துப் பெட்டியை வைத்து இரண்டு பிடியோடும் சேர்த்துக் கயிற்றால் கட்டுவித்தார். கட்டியவர் வல்லியன்தான்.

ஐயாவைக் கொடியவர் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். அப்படி இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் வாய் திறந்து வல்லியனை ஒருநாளும் ஏசியதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி கொடுப்பார். வேலருக்கு எத்தனை மைலுக்கு ஒருக்கால் தண்ணீர் காட்டவேண்டும், வேர்வையோடு நின்றால் அதற்கு என்ன நோய் வருத்தம் வரும், வெயில் ஏறினால் எந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குதிரைக்குப் பக்கத்தில் ஓடுகிற இன்னொரு உயிருக்கும் நெஞ்சு இருக்கிறது என்பது, நெஞ்சு வருத்தங்களைத் தீர்ப்பதில் பெயர்போன பரியாரியான அவருக்குத் தோன்றவே இல்லை.

வேலர் வந்த மாரியில் வல்லியனுக்கு இருமல் தொடங்கியது. ஐயா ஆடாதோடைக் கசாயம் காய்ச்சுவித்து, கிணற்றடிக்கு அப்பால் நின்ற அவருக்குச் சிரட்டையில் ஊற்றுவித்தார். மற்ற நோயாளிகளுக்கு நாடி பிடித்துப் பார்த்துத்தான் மருந்து. இவருக்கு நாடி பார்க்க வேண்டுமென்றால் தொடவேண்டுமே. கசாயத்தைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி, "இப்ப சுகம் நயினார்," என்று வல்லியன் சொல்வார். ஐயா, "சுகம் வரும், வரும்," என்று சொல்லிக்கொண்டு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்க்கக் குனிந்துவிடுவார். அந்த வருஷம் முழுக்க இப்படியே போயிற்று.

அடுத்த ஆவணியில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் தீர்க்க ஐயாவும் நானும் வெளிக்கிட்டோம். எனக்குப் பத்து வயது. புதுப் பட்டுப் பாவாடை. அச்சுவேலி தாண்டும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பின்னால் ஒரு தட்டிவான், அந்தக் காலத்து மோட்டார் பஸ், சனம் பிதுங்கப் பிதுங்க வந்து, எங்களை உரசிக்கொண்டு முந்திப் போயிற்று. பக்கமெல்லாம் திறந்த அந்த வானில், என் வகுப்பில் படிக்கும் ஒருத்தி வெளியே எட்டிப் பார்த்து, "குதிரைப் பரியாரி பின்னுக்கு!" என்று கத்திக் கைகொட்டினாள். புழுதி என் வாயெல்லாம், பட்டுப் பாவாடையெல்லாம். எனக்கு அழுகை வந்தது. நான் ஐயாவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஐயா, முந்துங்கோ! உவையை முந்துங்கோ!"

ஐயா முதலில் சிரித்தார். "குதிரைக்குக் கூடாது பிள்ளை, வெயில்," என்றார். நான் விடவில்லை. "வேலர் பட்டாளத்துக் குதிரை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? எல்லாம் பொய்யோ?" என்று கேட்டேன். அது அவரைச் சுட்டுவிட்டது. சவுக்கின் நுனியால் வேலரின் முதுகைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அது தாவிப் பாய்ந்தது.

அந்த ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கிறதற்கு எவ்வளவோ பார்த்தும். பாரம் கூடின வான் மணல் பட்ட இடத்தில் திணறி மெதுவானது. நாங்கள் நெருங்கினோம், பக்கத்துக்கு வந்தோம். வானிலிருந்த சனம் எழுந்து நின்று 'ஓ'வென்று கூச்சல் போட்டது. வல்லியன் ஏர்க்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கால் ஓடுகிறதா இழுபடுகிறதா என்று தெரியாத வேகம். "நாச்சியார், நாச்சியார்," என்று இரண்டு தரம் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது, பல் தெரிந்தது. என்னைப் போலவே அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து, நானும் அவரைப் பார்த்துக் கைகொட்டினேன். பிறகு அவரைப் பார்க்கவில்லை. வானை முந்திவிட்டோம், அந்தப் பெட்டையின் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் மைல் தள்ளி, ஒரு கேணியடியில் ஐயா குதிரையை இழுத்து நிறுத்தினார். அதன் வாயெல்லாம் நுரை. குதித்து இறங்கி அதன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார், நான்கு காலையும் தடவினார். "வேர்வையோடை நிக்கவிடக் கூடாது, மெல்ல நடத்தவேணும். வல்லியன்! எங்கை உவன்?" என்றார். குதிரையை நடத்துவதற்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் ஆள் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

வந்த வழியில் பார்த்தோம். தூரத்தில் ஒரு பனையடியில் அவர் குந்தியிருந்தார். ஐயா என்னைக் கடிவாளத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவரிடம் நடந்தார். எனக்கு நிற்கப் பொறுக்காமல் குதிரையை வண்டிலோடு நடத்திக்கொண்டு பின்னால் போனேன். வல்லியனின் தாடையிலும் நெஞ்சிலும் இரத்தம். எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தார், முடியவில்லை. ஐயா கொஞ்சநேரம் நின்றார். பிறகு குந்தி, வல்லியனின் கையைப் பிடித்து மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பத்து வருஷத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தரம். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஐயாவின் முகம் கறுத்துப்போனதை அன்றுதான் கண்டேன்.

"உது இண்டைக்கு நேற்று வந்த வருத்தமில்லை. ஒரு வருஷம் வரும். ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"இருமுறது நயினாருக்குக் கேக்குதுதானே எண்டு இருந்தனான்," என்றார் வல்லியன்.

ஐயாவின் கண் வண்டிலின் பின்பலகைக்குப் போனதை நான் பார்த்தேன். பெட்டியை அவிழ்த்து முன்னால் வைத்தால் ஆளை அதில் சாய்த்துக் கொண்டுபோகலாம். அவர் இரண்டு எட்டு அந்தப் பக்கம் வைத்ததும் உண்மை. அப்போது, மணலில் புதைந்து நின்றுவிட்ட அந்தத் தட்டிவான் மறுபடி கிளம்பி எங்களை நோக்கி வந்தது. முந்தியவர்களை இப்போது தாங்கள் முந்தும் உற்சாகத்தில் சனம் மறுபடி கூவியது. ஐயா நின்றுவிட்டார். "சனம் வருது," என்று தனக்குத்தானே சொன்னார். வைக்கோல் ஏற்றி வந்த மாட்டு வண்டிலொன்றை மறித்து, வல்லியனை அதன்மேல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார். நாங்கள் சந்நிதிக்குப் போனோம். நேர்த்தியைத் தீர்த்தோம். நான் கடலை வாங்கித் தின்றேன். வானில் வந்தவளைத் தேடிப்பிடித்து, எங்கள் குதிரை என்ன சாதி என்று சொல்லிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஐயா செய்யாத வைத்தியம் இல்லை. தன் கையால் அரைத்து, பெரிய இடத்து நோயாளிகளுக்கென்று வைத்திருந்த பஸ்பத்தையெல்லாம் கலந்து கொடுத்தார். ஆனால் நாள்தோறும் வல்லியனின் குடிசைக்குப் போகிற ஒழுங்கைச் சந்தின் முகப்பில் நின்றுதான் கொடுத்தார், உள்ளே போகவில்லை. வல்லியனின் பெண்சாதி வந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவா. திரும்பவும் ஒருக்கால் நாடி பார்த்திருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாமோ என்று ஐயா வயதான காலத்தில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா, "விதி முடிஞ்சால் ஆர் என்ன செய்யிறது," என்றா. எங்கள் வீட்டில் இதைப் பற்றி நடந்த கதை அவ்வளவுதான். மார்கழியில் வல்லியன் செத்தார். வேலருடன் ஓட இளவயதில் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் இரண்டு மாதத்தில் சொல்லாமல் போய்விட்டான். ஐயா குதிரையை விற்றுக் கார் வாங்கினார். கார் ஓட்ட வந்தவர் எங்கள் சாதி ஆள், அதனால் அவர் ஐயாவுக்குப் பக்கத்திலேயே இருந்து ஓட்டினார்.

என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் என்று ஒன்று நடந்ததாகவே யாரும் நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கசப்பு. என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூட, அந்த மனிதரின் உயிருக்கு அவ்வளவாவது விலை இருந்தது என்று நினைத்திருப்பேன்.

இப்போது யாழ்ப்பாணத்து ரோட்டில் குதிரை இல்லை. நெடுந்தீவில் மிஞ்சியிருக்கிறவற்றைப் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் மருந்து அறை இருந்த இடத்தில் வேறு யாருடையதோ மதில் நிற்கிறது. வல்லியனின் குடிசை இருந்த ஒழுங்கை, எது என்று காட்டக்கூட ஆள் இல்லை. ஆனால் அந்த ஓட்டம் மட்டும் அழியவில்லை. போன வருஷம் ஊரில் ஒரு கலியாண வீட்டில், என் வயதுக்குப் பேரப்பிள்ளையாக இருக்கக்கூடிய ஒருவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தான்.

"ஆச்சி, உங்கடை ஐயான்ரை குதிரை அந்தக் காலத்திலை தட்டிவானை முந்தினதாமே? எங்கடை தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மெய்யே?"

"ஓம், மெய்தான். அந்தக் குதிரையோடை சேர்ந்து ஒரு மனிசனும் அண்டைக்கு வானை முந்தினவர். வல்லியன் எண்டு பேர். பக்கத்திலை ஓடி வந்தவர்."

அவன் சத்தமாகச் சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். "சும்மா பகிடி விடாதேங்கோ ஆச்சி. மனிசன் ஓடி வானை முந்துறதோ?"

நான் மேலும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், அது என்ன இனக் குதிரை என்று கேட்டான். அதைச் சொன்னேன்.